தும்பளையிலிருந்து ஓடுவதற்கு நல்ல பாதைகள் எவை?

கேட்டவர் கனடாவில் வளர்ந்த பிள்ளை. ஆடி, ஆவணி விடுமுறைக்கு மூன்று கிழமை யாழ்ப்பாணத்தில், பருத்தித்துறைக்குப் பக்கத்திலுள்ள தும்பளையில் அம்மம்மா வீட்டில் நிற்கப் போகிறார். திரும்பிப் போனதும் அரை மரதன் ஓட இருப்பதால் பயிற்சியை விடமுடியாது. ஊரைச் சுற்றி ஓட நல்ல பாதைகள் எவை, வழியில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு பெண் தனியாக ஓடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் வடமராட்சியில் பிறந்து இந்த வீதிகளில் இருபத்தைந்து வருடமாக ஓடி வருகிறேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நடக்கும் மரதன் ஓட்டத்தில் தொடங்கிய பழக்கம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றி. கனடாவில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு என்று பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தக் கணக்கே இல்லை. கீரிமலை என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில்கூட மலை கிடையாது. எங்களுக்கு ஏற்றமும் இறக்கமும் காற்றுத்தான். நீங்கள் வரும் மாதங்களில் வீசுவது சோளகம், தென்மேற்கிலிருந்து வரும். விடிய ஐந்தரைக்கு இலை அசையாது. ஏழு மணிக்குப் பனையோலை சலசலக்கத் தொடங்கும். ஒன்பது மணிக்கு நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். தும்பளை குடாநாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கேயோ தெற்கேயோதான் நீங்கள் போகமுடியும். அதனால் சோளகத்தில் போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று. மார்கழி, தையில் வந்திருந்தால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். எந்தப் பக்கம் போனாலும் வீடு திரும்புவது காற்றுக்கு எதிராகத்தான். ஓடுகிற ஒருவருக்கு நீங்கள் வரும் காலமே நல்ல காலம்.

சரி, பாதைகளுக்கு வருவோம்.

முதல் இரண்டு மூன்று நாளும் தூரம் போகவேண்டாம். விமானப் பயணக் களைப்பும் புழுக்கமும் சேர்ந்து உடம்பை இழுத்துவிடும். தும்பளை ஒழுங்கைகளிலேயே நாலு, ஐந்து கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஓடலாம். ஒழுங்கை ஓட்டத்தின் அழகு முடக்குகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முடக்கிலும் ஒரு வைரவர் கோவில், ஒரு கிணறு, ஒரு வேம்பு, இல்லாவிட்டால் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முன்பு இரண்டு பக்கமும் கிடுகு வேலி. இப்போது மதிலும் தகரமும் கூடிவிட்டன. ஆனாலும் கிளுவை வேலியும் பனைவடலியும் உள்ள ஒழுங்கைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போங்கள்.

இந்தச் சிறிய சுற்றில் தவறவிடக்கூடாத இடம் தெருமூடிமடம். பருத்தித்துறைக்கும் தும்பளைக்கும் இடையிலான வீதி அந்த மடத்தின் ஊடாகவே போகிறது. வீதிக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல்தூண்கள், மேலே தெருவையே மூடி நிற்கும் கூரை. நடந்தும் வண்டியிலும் வந்தவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, திண்ணையில் படுத்து எழும்பிப் போவதற்காகக் கட்டியது. மடம் என்றால் வீதியோரமாக இருக்கும், இது வீதியின் மேலேயே இருக்கிறது. விடியப்புறம் அதற்குள்ளால் ஓடும்போது சப்பாத்துச் சத்தம் கல்லில் பட்டுத் திரும்பிவரும். நான் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன், அந்த நாலைந்து விநாடிக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஓடி முடித்த ஒருநாள் அந்தத் திண்ணையில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள். அந்தத் திண்ணை கட்டப்பட்டதே அதற்காகத்தான்.

அடுத்தது கடற்கரை வீதி. கிழமையில் இரண்டு நாள் இதில் ஓடினால் போதும், மற்ற எல்லாம் தானாக வரும்.

தும்பளையிலிருந்து கடலோரமாக மேற்கே திரும்பினால் முனையில் வெளிச்சவீடு நிற்கிறது. 1916இல் கட்டியது, 32 மீற்றர் உயரம். இது பாதுகாப்புக் கெடுபிடி நீண்டகாலம் இருந்த இடம். கிட்டப்போய்ப் படம் எடுக்க முயலாமல் வீதியிலிருந்தே பார்த்துக்கொண்டு ஓடுங்கள். கடலிலிருந்து வருகிறவனுக்காகக் கட்டிய கோபுரம், எட்ட நின்று பார்த்தால்தான் வடிவு. அதற்குக் கிட்டவே ஹாட்லிக் கல்லூரி, 1838இல் தொடங்கியது. உங்கள் வீட்டு ஆண்களில் யாராவது ஒருவர் அங்கே படித்திருப்பார், கேட்டுப் பாருங்கள். பிறகு துறைமுகம், மீன் ஏலம் கூறும் சத்தம். பட்டணத்தைத் தாண்டி இன்பர்சிட்டிப் பக்கம் வந்ததும் வீதி அமைதியாகிவிடும். வலப்பக்கம் கடல் சில அடி தூரத்தில்தான்.

அந்தக் கடலைக் கொஞ்சம் கவனியுங்கள். இது மணற்கரை இல்லை. சுண்ணாம்புக் கல்லும் முருகைக் கல்லும் (பவளப்பாறை) கிடக்கும் கரை. முருகைத் திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடும். சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் நீங்கள் வரும் மாதங்களில் வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் இதே இடத்தில் அலை எழும்பித் தூவானம் வீதியில் அடிக்கும். ஒரே வீதி, இரண்டு கடல்.

சக்கோட்டை முனை இந்த வீதியில்தான் வருகிறது. இலங்கையின் வட அந்தம் அது. உங்கள் வீட்டிலிருந்து போய்த் திரும்ப ஏழு, எட்டு கிலோமீற்றர் அளவில் இருக்கும். வேலை நாளில் ஓட இதைவிடப் பொருத்தமான தூரம் வேண்டியதில்லை. அந்த இடத்தில் நின்று வடக்கே பார்த்தால் கடலைத் தவிர ஒன்றுமில்லை, அதற்கு அப்பால் தமிழ்நாட்டின் கோடிக்கரை.

இன்னும் போகலாம் என்று கால் சொன்னால் பொலிகண்டி தாண்டி வல்வெட்டித்துறை. பருத்தித்துறையிலிருந்து ஏழு கிலோமீற்றர் சுமார். வல்வெட்டித்துறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஓட்டம் நின்றுவிடும். ஆனாலும் இரண்டு விஷயம் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் கரையில் எங்கள் ஆட்கள் பாய்க்கப்பல் கட்டினார்கள். இங்கே கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டிப்போனவர்களில் இந்த ஊர் மாலுமிகளும் இருந்தார்கள். மற்றது நீச்சல். 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் கோடிக்கரைக்கு நீந்திப்போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். இருபத்தொரு கிலோமீற்றருக்குப் பயிற்சி எடுக்கும் ஒருவர், மூன்றாவது கிலோமீற்றரில் மூச்சு வாங்கும்போது வலப்பக்கம் திரும்பி அந்தக் கடலைப் பார்க்கவேண்டும். எனக்கு அது எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

தைப்பொங்கலில் இங்கே நடக்கும் பட்டப் போட்டிக்கு நீங்கள் நிற்கமாட்டீர்கள், அது ஒரு குறைதான்.

நீண்ட ஓட்டம் வேண்டும் என்றால் ஊரிக்காடு தாண்டித் தொண்டைமானாறு வரை போய்ச் செல்வச்சந்நிதியில் முடியுங்கள். பருத்தித்துறையிலிருந்து பத்து, பதினொரு கிலோமீற்றர். திரும்பி ஓடவேண்டாம், பஸ் எடுங்கள். ஆறு என்று பெயர் இருந்தாலும் அது கடல்நீரேரி. சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றும் வள்ளங்களுக்காக வெட்டுவித்த வாய்க்கால் என்பது வழிவழியாக வரும் கதை. பாலத்தடியில் உள்ள கதவணை கடல்நீரை உள்ளே போகவிடாமல் மறிக்கிறது. பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் அசையாத ஏரி. சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்வார். அன்னதானக் கந்தன் என்று பெயர் எடுத்த கோவில், பசியோடு யாரையும் அனுப்பமாட்டார்கள். ஆவணியில் திருவிழா என்பதால் நீங்கள் நிற்கும்போது கூட்டம் இருக்கும். அரைக் காற்சட்டையோடு உள்ளே போகவேண்டாம். முதுகுப்பையில் ஒரு பாவாடையோ நீளக் காற்சட்டையோ வைத்திருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாதை. தெற்கே, வல்லிபுரம்.

முனையைத் தாண்டியதும் கரை திரும்புகிறது. வடக்கே பார்த்த கரை கல். கிழக்கே பார்த்த கரை மணல். கற்கோவளம் பக்கம் வந்ததும் இதைக் காலே சொல்லும். ஒழுங்கை வெள்ளை மணலாக மாறும், பனை ஐதாகும், காற்றில் உப்பு கூடும். சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கவேண்டும் என்றால் இந்தப் பக்கம்தான் வரவேண்டும். வீட்டிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்கு ஐந்து கிலோமீற்றர் அளவில். மணல் வெளிக்கு நடுவே கோபுரம் தூரத்திலேயே தெரியத் தொடங்கும். ஆனால் ஓட ஓடக் கிட்ட வராது. வெளியில் ஓடுவதன் தன்மை அது, மனம் தளரவேண்டாம்.

கருவறையில் இருப்பது சக்கரம். புரட்டாதித் திருவிழா முடிவில் சுவாமி மணலைக் கடந்து கடலுக்குத் தீர்த்தமாடப் போவார். பின்னால் வடமராட்சியே நடக்கும். நீங்கள் அதற்குள் திரும்பிவிடுவீர்கள், ஆனாலும் அந்த வழியில் ஒருமுறை கடல்வரை ஓடிப் பாருங்கள். இந்த மணலுக்குள் பழைய ஊர் ஒன்று கிடக்கிறது. 1936இல் இங்கே ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்து, பிராகிருத மொழி, நாகதீவு என்ற பெயர் அதில் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கு உரியது என்று படித்தவர்கள் கொள்கிறார்கள். பழைய மட்பாண்ட ஓடுகள் காலடியில் தட்டுப்பட்டால் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கிடந்த இடத்தில் கிடக்கட்டும்.

வல்லிபுரம் தாண்டி மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியில் குடத்தனை வரை போய்க் கடற்பக்கம் திரும்பினால் மணற்காடு. போய்வர இருபது கிலோமீற்றரைத் தொடும், கிட்டத்தட்ட உங்கள் அரை மரதன் தூரம். விடுமுறையின் கடைசி ஞாயிறு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மணற்காட்டில் மணல்மேடுகள் அலை அலையாகக் கிடக்கின்றன. குடாநாட்டில் ஏற்றம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, இது ஒன்றுதான் விலக்கு. ஆறு, ஏழு முறை மேட்டில் ஏறி இறங்கினால் கெண்டைக்கால் நாலு நாளைக்கு ஞாபகம் வைத்திருக்கும். மணல் பறக்காமல் இருக்க நட்ட சவுக்கங்காடு ஒரு பக்கம். அதன் நிழலில் ஊசி இலை மெத்தைபோல விழுந்து கிடக்கும், முழங்காலுக்கு அதைவிட மெதுவான தரை வடமராட்சியில் இல்லை. மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் அங்கேதான். கூரை இல்லை, உள்ளே மணல், மேலே வானம். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இந்தக் கரையில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அங்குள்ள கல்லறைகளைக் கடக்கும்போது நான் ஓட்டத்தை நிறுத்தி நடந்துதான் போவேன். நீங்களும் அப்படியே செய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். மணல்மேட்டில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் படர்ந்திருக்கும் இடத்தை மிதிக்காமல், ஆட்கள் நடந்து விழுந்த தடத்திலேயே ஏறுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று அம்மம்மா சொல்லியிருப்பார். இங்கே அந்த மிடுக்குத்தான் மேட்டையே பிடித்து வைத்திருக்கிறது. கொடி போனால் மணல் பறக்கும். மழைநீரை உறிஞ்சி வைத்துக் கிணறுகளுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பதும் இந்த மணல்தான். அள்ளிக்கொண்டு போகிறவர்கள் போதாதென்று நாங்களும் குலைக்கக்கூடாது.

மணற்காட்டில் எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பல வருடத்துக்கு முன்னர் ஒரு சித்திரையில் ஏழரைக்குத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன், தண்ணீரும் கொண்டுபோகவில்லை. ஒன்பது மணிக்கு மணலில் இரண்டு காலும் பிடித்துக்கொண்டன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னை ஓலைக் கொட்டிலுக்குள் இருத்தி, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் தந்து, மோட்டார் சைக்கிளில் வீதிவரை கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பாதையில் ஒரு லீற்றர் தண்ணீர் இல்லாமல் நான் போவதில்லை. எட்டு மணிக்குள் மணலை விட்டு வெளியே வந்துவிடுவேன். கிழக்குக் கடலில் தனியாக இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். வடகடலைப் போல முருகைத் திட்டு மறித்து நிற்காத கடல், இழுவை அதிகம்.

உள்ளூர்ப் பக்கமாக ஓட ஆசை என்றால் புலோலி, புற்றளைப் பிள்ளையார் கோவில், மந்திகை என்று ஒரு சுற்று இருக்கிறது. தோட்டமும் பனங்கூடலும் உண்டு, நிழலும் கூட. காற்றுக் கடுமையான நாளில் அது கைகொடுக்கும். ஆனால் பிரதான வீதியில் வாகனம் கூட, கடற்கரை இருக்கும்போது நான் அதைத் தேடிப் போவதில்லை.

வாகனத்தைப் பற்றி ஒன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். கனடாவில் வாகனம் வலப்பக்கம் ஓடும், அதனால் எதிரே வருவதைப் பார்க்க இடப்பக்கமாக ஓடிப் பழகியிருப்பீர்கள். இங்கே மறுவளம். வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் நீங்கள் வலப்பக்கம் ஓடவேண்டும். பழக்கதோசத்தில் மாறிப்போனால் பஸ் முதுகுப் பக்கமாக வரும். காதில் பாட்டும் வேண்டாம்.

நாய்கள் உண்டு. துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, நடந்து, குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கடித்துவிட்டால் சின்னக் காயம் என்று விடாமல் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு, மந்திகை ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போகவேண்டும்.

பெண் தனியாக ஓடலாமா என்று கேட்டீர்கள். ஓடலாம், இப்போது பலர் ஓடுகிறார்கள். நான் தொடங்கிய காலத்தில் இந்த வீதிகளில் ஒரு பெண்ணையும் கண்டதில்லை. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் விடிய வெளிக்கிடுகிறார்கள், பார்க்க மனம் நிறைகிறது. ஆட்கள் பார்ப்பார்கள், ஆற்றை பிள்ளை என்று கேட்பார்கள். அம்மம்மாவின் பெயரையும் வீட்டு ஒழுங்கையையும் சொல்லுங்கள். இரண்டாம் நாளே அந்த வீதிக்கு நீங்கள் சொந்தப் பிள்ளை ஆகிவிடுவீர்கள், பிறகு அவர்களே கவனிப்பார்கள். ஒழுங்கையிலும் கடற்கரை வீதியிலும் தனியாக ஓடுங்கள். கற்கோவளம் தாண்டிய மணல் வெளிக்கும் மணற்காட்டுக்கும் மட்டும் துணையோடு போங்கள், ஒரு மச்சான் சைக்கிளில் தண்ணீரோடு வந்தால் போதும். நான் ஆணாக இருந்தும் அங்கே தனியாகப் போவதில்லை. வெறும் வெளி என்பதுதான் காரணம்.

ஓடி முடித்ததும் பருத்தித்துறை வடையைக் கையில் எடுக்கவேண்டாம், அது பின்னேரத் தேத்தண்ணீருக்கு. காலையில் செவ்விளநீர் ஒன்று, பிறகு கிணற்றடியில் பத்து வாளி தண்ணீர். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியிருக்கும், ஒழுங்கையில் கிடந்தால் தாண்டும்போது பார்த்துக் கால் வையுங்கள், வழுக்கும்.

மணற்காட்டு ஞாயிறு பற்றி அம்மம்மாவிடம் முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்குப் படலை திறக்கிற சத்தம் கேட்டால் அவ பயந்துபோவா. சொல்லி வைத்தால் உங்களுக்கு முன்னரே எழும்பி, போத்தலில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்திருப்பா.